தட்டின் கடைசியில் ஒரு சிரிப்பு

கிராமபோன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு போவார்கள். கடைக்காரர் தயாராக வைத்திருக்கும் இசைத்தட்டைப் போடுவார். அது நாடக மேடைப் பாட்டாக இருக்கும். கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்ட வேண்டும் என்று பழகிய குரல். அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் கணீரென்றுதான் கேட்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வீணைத் தட்டைப் போட்ட பிறகுதான் பெட்டியின் வண்டவாளம் தெரியும்.

நான் அப்படிப் போகவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். கச்சேரி ரோட்டில் இருந்த கிராமபோன் கடைக்கு நான் புறப்பட்ட அன்று, என் மனைவி நான்கு தட்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள். அவை அவளுடைய அண்ணா வீட்டுத் தட்டுகள். கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டுப் பெட்டியில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம் ஆனவை. எதற்கு எந்தத் தட்டு என்று அவளே சொல்லி அனுப்பினாள். மேல் ஸ்தாயியில் பெட்டி கிறீச்சிடுகிறதா என்று பார்க்க ஒரு பெண் குரல். வில்லின் உரசல் கேட்கிறதா என்று பார்க்க ஒரு பிடில். நீளமான ஓசை நடுங்காமல் நிற்கிறதா என்று பார்க்க ஒரு நாகஸ்வர ஆலாபனை. நாலாவது, ஒரு வித்வானின் கீர்த்தனை.

"அனுபல்லவி முடியற எடத்துல மிருதங்கத்தோட தொப்பி, அதான் எடது பக்கம், ஒரு தரம் கேக்கும். கும்முனு கேக்கணும். டப்புனு கேட்டா அந்தப் பொட்டி வேண்டாம்" என்றாள்.

அந்த நாலாவது தட்டில் இன்னொரு விசேஷம் உண்டு. பழைய தட்டுகளில் பாடி முடித்ததும் வித்வான்களே தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. இந்த வித்வான் சரணத்தில் நிதானமாகச் சஞ்சாரம் செய்துவிட்டு, தட்டு முடியப்போகிறது என்று யாரோ கைகாட்டியிருப்பார்கள் போலிருக்கிறது, கடைசி அடியை ஓட்டமாக ஓடி முடித்து, மூச்சு வாங்க, தம் பெயரை ஏதோ ரயிலைத் தவறவிட்டவர் போலக் கூவுவார். அந்த இடம் வந்தால் என் மனைவி சிரிப்பாள். எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பாள். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெரிய வித்வான். அவரைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு மட்டுமே உரிமை உண்டு என்று எனக்கு ஒரு நினைப்பு.

கடைக்காரர் என் மூட்டையைப் பார்த்தார்.

"இன்னா சாமி, பொண்ணு பாக்க வந்தவராட்டம் மூட்டயோட வந்துக்கிற?"

"தட்டு கொண்டுவந்திருக்கேன். இதைப் போட்டுக் காட்டுங்கோ."

"ஏன், நம்ம கடையில பிளேட்டு இல்லியா? நம்ம பிளேட்ட போட்டா செத்தவன் எந்திரிச்சு குந்துவான்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சிநேகம். பெட்டி ஒவ்வொன்றாகப் போட்டார். நான் தொப்பிக்குக் காத்திருந்தேன். எனக்குப் பாட வராது, கேட்க வரும். கடைசியில் ஒரு பெட்டியில் அந்த ஓசை கும்மென்று வந்தது. அதை வாங்கிக்கொண்டு குதிரை வண்டியில் வீடு வந்தேன். தெரிந்த பாட்டைப் போட்டுத்தான் கருவியைப் பரீட்சை செய்ய வேண்டும் என்பது அன்று எனக்கு உறுதிப்பட்டது. தெரியாத பாட்டில் ஏதாவது குறைந்தால் பாட்டே அப்படித்தானோ என்று இருந்துவிடுவோம். தெரிந்த பாட்டில்தான் கருவி எதை விழுங்குகிறது என்பது புரியும். பிற்பாடு புதிதாக ஊசி வாங்கினாலும், ஊசி மாட்டும் ஒலிப்பெட்டியைப் பழுது பார்த்தாலும், அந்த நாலு தட்டுகளையும் அதே வரிசையில் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. நான் பெட்டியருகில் நிற்பேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்புக்குள் கையை வைத்து, தொடையில் சத்தமில்லாமல் தாளம் போடுவாள். சபையில் கச்சேரிக்குப் போனாலும் அப்படித்தான். பெண்கள் வெளியே தெரியத் தாளம் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம் அது. தலைப்பு அசைவதைக் கொண்டுதான் அவள் கை எங்கே இருக்கிறது என்று நான் கண்டுகொள்வேன்.

அவளுக்கு விஷஜுரம் கண்டது ஒரு புரட்டாசியில். பிழைத்தாள். ஜுரம் இறங்கியபோது காதில் இரைச்சல் என்றாள். பலவீனம் என்று நினைத்தோம். உடம்பு தேறியது, இரைச்சல் போகவில்லை. அந்த இரைச்சலுக்கு அடியில் மற்றதெல்லாம் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டு போயிற்று. அதை முதலில் வெளியே சொன்னது எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரிதான்.

"இன்னா மாமி, தெருக்கோடிலேர்ந்து கூவிக்கினு வரேன். வாசல்ல நின்னும் கூவறேன். உள்ள குந்திக்கினு இருக்கியே! எங்கிட்ட கோவமா?"

என் மனைவி அவள் வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மொளக்கீரை இருக்கான்னு கேளுங்கோ" என்றாள்.

ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கவட்டைக் கம்பியைத் தட்டி அவள் காதருகே பிடித்தார். பின்பு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். நரம்பு கெட்டிருக்கிறது, மருந்து இல்லை, மிச்சம் இருப்பது நிற்கலாம், போகவும் செய்யலாம் என்றார். டிராமில் திரும்பி வரும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். இடது காதருகே குனிந்து, சரியாகிவிடும் என்றார் என்றேன். "ஓஹோ" என்றாள். பிறகு வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பாட்டு கேட்பது நின்றுபோயிற்று. பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, அதன் மேல் வெற்றிலைத் தட்டை வைத்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சமையல், பூஜை, பேச்சு எல்லாம் எப்படியோ நடந்தது. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றியதும் அவள் அந்தச் சுவரோரம் போய் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். தலைப்பு அசையாது.

அந்தச் சமயத்தில் கச்சேரி ரோட்டுக் கடைக்காரர் ரேடியோப் பெட்டிகளும் கட்டத் தொடங்கியிருந்தார். கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சாயங்காலத்தில் பாட்டுப் போட ஆரம்பித்திருந்த காலம். ஊரெல்லாம் அந்தப் பேச்சுத்தான். நான் ஊசி வாங்கப் போகாமல் பல மாதம் ஆகிவிட்டதை அவர் கவனித்திருக்கிறார். வழியில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சாமி, நம்மள மறந்துட்டியா? வேற கட புட்சிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். உடனே அவர் என்னைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே வால்வுகள், பக்கத்தில் பாட்டரி. கிராமபோனின் ஒலிப்பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மின்சாரத்தில் வேலை செய்யும், ஊசி பொருத்திய ஒரு தலையை மாட்டுவார். அதிலிருந்து கம்பி இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து ஹெட்போனுக்குப் போகும். ஓசையை வேண்டிய மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

"என் காதுல மாட்டி முழுசா ஏத்துனேன், சாமி. உச்சி மண்டயில இடி உழுந்தாப்பல இருந்துச்சு. மாமிக்குக் கேக்கலேன்னா என் பேர மாத்திக்கறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் பொருத்தினார். நான் நாலு தட்டுகளையும் துடைத்து வரிசையாக வைத்தேன். கருவியைப் பரீட்சை செய்யத் தெரிந்த பாட்டு வேண்டும் என்ற என் விதியை அவரிடம் சொன்னேன். "கரீட்டு" என்றார். பரீட்சையில் இருப்பது கருவி அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் நாகஸ்வரத்தைப் போடலாம் என்று எடுத்தேன். அதுதான் உரத்த ஓசை. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அது வேண்டாம். தலைய வலிக்கும். கீர்த்தனையப் போடுங்கோ."

கீர்த்தனைத் தட்டைப் போட்டேன். ஹெட்போன் அவள் தலையில் கனமாக உட்கார்ந்திருந்தது. கொண்டையில் இடிக்காமல் இருக்க அதைச் சற்று முன்னால் தள்ளிக்கொண்டாள். ஊசியை வைத்தேன். கடைக்காரர் திருகை மெல்ல ஏற்றினார். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் ஊசியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். தலைப்பு அசைந்தது. ஆதி தாளம், பிசகாமல். அனுபல்லவி முடியும் இடத்தில் புருவத்தை உயர்த்தி "தொப்பி" என்றாள். அது எங்களுக்கும் தெரிந்தது. அந்த மாதிரி மின்சாரத் தலைகளில் ஊசிமுனையிலிருந்தே கொசுவின் குரல் போலப் பாட்டு கொஞ்சம் வெளியில் கசியும். அருகில் நிற்பவர்களுக்கு அது கேட்கும். கடைசியில் வித்வான் மூச்சு வாங்கப் பெயரைச் சொன்னார். அவள் சிரித்தாள்.

கடைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா சாமி! நா சொல்லல?" அவர் கண்ணில் நீர் இருந்தது. நான் என் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டிலேயே தங்கியது. வெற்றிலைத் தட்டு பழையபடி ஷெல்புக்குப் போயிற்று. ஆபீஸிலிருந்து வந்ததும் காப்பி குடித்துவிட்டு இரண்டு தட்டுகள் போடுவேன். அவள் கேட்கும் தட்டைத்தான் போடுவேன். எல்லாம் பழைய கீர்த்தனைகள். புதிதாக ஒரு தட்டு வாங்கி வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம், இருப்பது போதும் என்றாள். ஆலாபனை வேண்டாம் என்றாள். இவையெல்லாம் காதில் வலி ஏற்படாமல் இருப்பதற்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஆபீஸில் கூட என் முகம் மாறியிருப்பதாகச் சொன்னார்கள்.

பிறகு மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கீர்த்தனைத் தட்டை வைத்துவிட்டுச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கீரைக்காரி வந்து கூப்பிட்டாள். சாவியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், கீரை வாங்கி, அவளுடைய மருமகனைப் பற்றிய புகாரையும் கேட்டுக்கொண்டு திரும்பினேன். சாவி முழுவதும் கொடுத்துவிட்டதாக நினைத்து ஊசியை வைத்தேன்.

பல்லவி சரியாகப் போயிற்று. அனுபல்லவியில் அவள் "தொப்பி" என்று புருவத்தை உயர்த்தினாள். அதுவும் சரியாக இருந்தது. சரணத்தில், பெட்டிக்குள் தட்டைச் சுற்றும் சுருள்வில் தளர ஆரம்பித்தது. ஊசிமுனையிலிருந்து கசியும் அந்தச் சின்னக் குரல் இறங்கியது. வித்வான் தூக்கத்தில் முனகுபவர் போல ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். தட்டில் ஒட்டியிருந்த காகித வட்டத்தின் எழுத்துகளை நின்று படிக்கலாம் போல இருந்தது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடித்தேன். அப்போது அவள் பக்கம் பார்த்தேன்.

கண்ணை மூடியிருந்தாள். தலைப்பு முன்போலவே அசைந்துகொண்டிருந்தது. எந்தத் தளர்ச்சியும் இல்லை. வித்வான் சரணத்தின் நடுவில் சிக்கி முனகிக்கொண்டிருந்தார். அவள் கை கடைசி அடியைத் தாண்டி ஓடியது. கை நின்றது. சிரித்தாள். பெயர் சொல்லும் இடம் அது. வித்வான் அந்த இடத்துக்கு வரவில்லை. தட்டு நின்றேவிட்டது.

கண்ணைத் திறந்தபோது நான் சாவியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவள் நிற்கும் தட்டைப் பார்த்தாள். ஊசி பாதியில் இருப்பதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டேன். அவள் என் உதட்டைப் பார்த்துக் கேள்வியைப் புரிந்துகொண்டாள்.

"மொதல் நாள்லேர்ந்தே" என்றாள். "இடி மாதிரி ஏதோ அதிர்ந்தது. பாட்டு இல்ல."

நான் ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் அப்படி மொகத்த வெச்சுண்டு நின்னேள். பிரசவ ரூம் வாசல்ல நிக்கறவா மாதிரி. எப்படி இல்லேன்னு சொல்றது? ஊசி வெக்கறதப் பாத்தேன். அப்பறம் மனசுக்குள்ள தானா ஓடித்து. ஓடினதுல கொஞ்சம் கேட்ட மாதிரிகூட இருந்தது."

பிறகு ஹெட்போனை என்னிடம் நீட்டினாள். "அந்த மனுஷன்கிட்டயே குடுத்துடுங்கோ. காது மடல் வலிக்கிறது."

அதையும் வால்வுப் பெட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டரி தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். காது வலிக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். அவர் பழைய ஒலிப்பெட்டியை எடுத்துவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று அவர் கண்ணில் பார்த்த நீர் நினைவுக்கு வந்தது.

துணியும் வெற்றிலைத் தட்டும் திரும்பப் பெட்டியின் மேல் ஏறின. பங்குனித் திருவிழா வந்தது. மாட வீதியில் நாகஸ்வரம் எங்கள் சந்து முனைவரை வந்து திரும்பியது. அவள் வாசலில் நின்று தேரைப் பார்த்தாள். வாசிப்பவர்களின் புடைத்த கன்னங்களைப் பார்த்தாள். உள்ளே வந்ததும் அவளே வெற்றிலைத் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள், துணியை மடித்தாள், கீர்த்தனைத் தட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"போடுங்கோ" என்றாள்.

நான் தயங்கினேன்.

"நீங்க கேளுங்கோ. நா மனசுக்குள்ள பாடிண்டு இருக்கேன். ரெண்டும் சேந்து போறதான்னு மட்டும் பாத்துக்கோங்கோ. முழுசா சாவி குடுங்கோ, போன தரம் மாதிரி பண்ணாதீங்கோ."

சாவி முழுவதும் கொடுத்து ஊசியை வைத்தேன். அவள் கண்ணை மூடினாள். பாட்டும் அவள் கையும் ஒன்றாகவே போயின. வித்வான் பெயரைச் சொன்னார், அவள் சிரித்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சேர்ந்தது என்று தலையசைத்தேன்.

அது முதல் தினமும் ஒரு தட்டு. சில வருஷங்கள் அப்படியே போயின. பிறகு ஒரு நாள் வித்வான் பெயரைச் சொல்லிவிட்டார். அவள் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஊசி தட்டின் உள்வட்டத்துக்குப் போய்க் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் சிரித்தாள். சேர்ந்ததா என்று பார்த்தாள். நான் தலையசைத்தேன். மறுநாளும் அப்படியே ஆயிற்று. கேட்காத பாட்டு அவளுக்குள் மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தது. அதற்குச் சாவி கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தக் கரகரப்பின் மேல் அவள் தனியாகச் சிரித்தது என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

பெட்டியின் மேல், தட்டு சுற்றும் இடத்துக்கு அருகில், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு. ஒரு நாள் காலை அவள் சமையலறையில் இருக்கும்போது அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். அன்று சாயங்காலம் பெயரும் சிரிப்பும் சேர்ந்தன. சில மாதம் கழித்து மீண்டும் கொஞ்சம் குறைத்தேன். பிறகும் ஒரு முறை. வித்வானின் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. தொப்பியின் ஓசை பானைக்குள் தட்டுவது போல ஆயிற்று. எந்த ஓசை சரியாக வருகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து வாங்கிய பெட்டியில், அந்த ஓசையை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது குறையாகப் படவில்லை. அவள் கைதான் இப்போது அளவு.

சென்ற ஐப்பசியில் கடைக்காரர் வந்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மழைக்கு ஒதுங்கியவர், அப்படியே கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். வழக்கமான நேரம். தட்டைப் போட்டேன். அவர் நாலு அடி கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா சாமி இது? பாட்டு அழுதுகினு போவுது. ஸ்பீடு கொறஞ்சு கீது. வில்லு போயிருக்கும். குந்து, நா பாக்கறேன்."

எழுந்து திருகில் கை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்."

"அட, ஒரு நிமிசம் சாமி. காதுல உழ மாட்டேங்குதா ஒனக்கு?"

நான் சுவரோரம் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். தலைப்பு அசைந்துகொண்டிருந்தது, மெதுவாக, ஆனால் ஒழுங்காக. அவர் தலைப்பைப் பார்த்தார். சுற்றும் தட்டைப் பார்த்தார். திரும்பத் தலைப்பைப் பார்த்தார். திருகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்போ அன்னிக்கு…" என்று ஆரம்பித்தார். உட்கார்ந்து, ஆறிய காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குடிக்காமலே வைத்திருந்தார்.

சரணம் வந்தது. கனத்துப்போன குரலில் வித்வான் கடைசி அடியை ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடை. நான் அவள் கையையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வந்தது. அவள் சிரித்தாள். கடைக்காரர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்த முகந்தான்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.